துவாரத்தின் மகிமை

காரில் பாட்டுக் கேட்பது இப்போது ஆடம்பரம் அல்ல. அநேகக் குடும்பங்களில் அது பிரயாணத்தின் ஓர் அங்கமாகிவிட்டது. பாட்டுக் கேட்டால் மட்டும் போதாது, மிருதங்கத்தின் தொப்பியும் தவிலின் அதிர்வும் நெஞ்சில் வந்து மோதவேண்டும் என்ற ஆசையும் கூடவே பிறந்திருக்கிறது. அந்த ஆசையைத் தீர்த்துவைப்பதற்கென்றே டிக்கியில் ஏறி உட்கார்ந்திருப்பது சப்வூஃபர் என்னும் பெரிய ஸ்பீக்கர். அதன் பெட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துவாரம் இருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அது வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் பெட்டியின் ஜீவனே அங்கேதான் இருக்கிறது. அதன் அளவு பிசகினால், கொடுத்த பணம் அத்தனையும் ‘தொம் தொம்’ என்ற வெறும் சப்தமாகப் போய்விடும்.

பெட்டி எதற்கு?

ஸ்பீக்கரின் கூம்பு முன்னே நகரும்போது முன்பக்கத்துக் காற்று நெருக்கப்படுகிறது. அதே கணத்தில் பின்பக்கத்துக் காற்று தளர்கிறது. கீழ் ஸ்தாயியில் இவ்விரண்டும் ஒன்றையொன்று கழித்துவிடுகின்றன. ஆகையால் பெட்டியில்லாத ஸ்பீக்கர் எத்தனை பெரிதானாலும் அதில் கனத்த நாதம் எழும்பாது. முழுவதும் மூடிய பெட்டியில் வைத்தாலோ, பின்பக்கத்து ஒலி சிறைப்பட்டு வீணாகிறது. அதையும் வேலைவாங்கும் உபாயத்துக்கு, அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த ஆல்பர்ட் துராஸ் 1932-ம் வருஷத்தில் காப்புரிமை பெற்றார்.

உபாயத்தின் தத்துவம் நமக்குப் புதிதல்ல. கடம் வாசிக்கும் வித்வான் அதன் வாயை வயிற்றோடு அணைத்தால் நாதம் கீழே இறங்குவதைக் கச்சேரிகளில் கேட்டிருக்கிறோம். குடத்தினுள் இருக்கும் காற்று சுருள்வில்லைப்போல் அமுங்கி மீள்கிறது. வாயில் உள்ள காற்று அந்த வில்லில் கட்டிய எடையைப்போல் ஆடுகிறது. ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதை ஆராய்ந்து விளக்கினார். சப்வூஃபர் பெட்டி அந்தக் குடம். துவாரத்தில் பொருத்திய குழாய் அதன் கழுத்து.

சுருதி சேர்க்கும் கணக்கு

பெட்டியின் கொள்ளளவு 50 லிட்டர், குழாயின் விட்டம் 10 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 35 அதிர்வுகள், அதாவது 35 ஹெர்ட்ஸ் சுருதி வேண்டுமானால், கணக்கு 38 செ.மீ. நீளம் கேட்கும். ஆனால் குழாயின் இரு முனைகளுக்கு வெளியேயும் கொஞ்சம் காற்று சேர்ந்து ஆடுவதால், 7 செ.மீ. கழித்து 31 செ.மீ. வெட்டினால் சரியாக இருக்கும். 5 செ.மீ. விட்டமுள்ள குழாயானால் 6 செ.மீ. நீளமே போதும். சிக்கனம் என்று இதில் இறங்கக்கூடாது. குறுகிய வழியில் காற்று வேகமாகப் பாய்ந்து, பாட்டோடு ‘புஸ் புஸ்’ என்று சீறும்.

50 லிட்டர் என்பது வெளி அளவு அல்ல. ஸ்பீக்கரும் குழாயும் குறுக்குச் சட்டங்களும் அடைத்துக்கொள்ளும் இடம் போக மிஞ்சுவதே கணக்கில் சேரும். குழாயின் உள்முனைக்கும் எதிர்ப்பலகைக்கும் நடுவே ஒரு விட்டத்தின் அளவாவது இடைவெளி வேண்டும். பலகை கனமாகவும், மூட்டுகள் காற்றுப் புகாதபடி பசையிட்டவையாகவும் இருக்கவேண்டும்.

சேர்த்த சுருதியில் ஓர் அதிசயம் நிகழ்கிறது: கூம்பு அநேகமாக அசையாமல் நிற்க, குழாய்க் காற்றே முழங்குகிறது. ஆனால் அதற்குக் கீழே போனால் ஆபத்து. பெட்டிக் காற்றின் பிடிப்பு தளர்ந்து, கூம்பு கட்டுக்கடங்காமல் பாய்ந்து ஸ்பீக்கரே கிழிந்துபோகலாம். ஆம்ப்ளிஃபயரில் ‘சப்ஸானிக் ஃபில்டர்’ இருப்பது இதைத் தடுக்கத்தான்.

காருக்கென்று ஒரு விசேஷம் உண்டு. 35 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் ஏறக்குறைய 10 மீட்டர். காரின் உட்புறம் அதைவிட மிகச் சிறியது. அதனால் அந்தச் சிறிய அறையே கீழ்நாதத்தைத் தானாக ஓங்கச் செய்கிறது. வீட்டுக் கூடத்தில் அளவாக ஒலிக்கும் பெட்டி, காரில் மிதமிஞ்சி இரையக்கூடும்.

கடையில் கேட்கவேண்டியவை

எல்லா ஸ்பீக்கருக்கும் துவாரப் பெட்டி பொருந்தாது. ஆஸ்திரேலியாவில் தீல் என்பவர் 1961-லும், அவரைத் தொடர்ந்து ஸ்மால் என்பவர் 1970-களிலும் வகுத்த அளவெண்கள் இன்று ஸ்பீக்கரோடு வரும் தாளில் அச்சிடப்படுகின்றன. அவற்றில் ‘க்யூ.டி.எஸ்.’ என்பது 0.3, 0.4 என்ற அளவில் இருந்தால் துவாரப் பெட்டி ஏற்கும், 0.5-க்கு மேற்பட்டால் பெரும்பாலும் மூடிய பெட்டியே உத்தமம்.

ஆகவே, பணப்பையைத் திறக்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். உள்ளளவு எத்தனை லிட்டர்? சுருதி எத்தனை ஹெர்ட்ஸ்? இந்த ஸ்பீக்கரின் எண்களுக்காகவே செய்த பெட்டியா? விடை வராத கடையில் அழகான பெட்டி கிடைக்கலாம். நாதம் கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.