மாமா கடையில் மே விடுமுறை: சட்டம் கோடு போடுவது எங்கே?

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் எட்டாம் வகுப்புப் பையனை, “தெருவில் சுற்றாமல் மாமா கடையில் நின்று நாலு விஷயம் பழகட்டும்” என்று அனுப்பிவைப்பது நம் ஊர்களில் சாதாரணமாக நடப்பது. மாமாவும் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வார். பள்ளி திறக்கும்போது புதுச்சட்டையோ கைச்செலவுக்குப் பணமோ கொடுத்து அனுப்புவார். இதில் யாரும் யாரையும் கொடுமைப்படுத்தவில்லை. ஆனாலும், 13 வயதுப் பையன் கடையில் நிற்பது சட்டப்படி சரியா என்று கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியாது. எந்த மாமா, யாருடைய கடை, என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

பார்க்க வேண்டிய சட்டம், குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் (தடை மற்றும் ஒழுங்குமுறை) சட்டம், 1986. வந்த புதிதில் அது குழந்தை உழைப்பை முழுதாகத் தடுக்கவில்லை. அட்டவணையில் பெயர் உள்ள தொழில்களில் மட்டும் 14 வயதுக்குட்பட்டவர்களைச் சேர்க்கக் கூடாது என்றது. மற்ற இடங்களில் வேலை நேரத்தை ஒழுங்குபடுத்தியதோடு நின்றுவிட்டது. அடுத்தவர் வீட்டில் பாத்திரம் தேய்ப்பதும் ஓட்டலில் மேசை துடைப்பதும் அந்த அட்டவணைக்குள் வர 2006 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2016 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம் அடிப்படையையே மாற்றியது. 14 வயது நிறையாத குழந்தையை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது. மளிகைக் கடை, மெக்கானிக் ஷெட், செங்கல் சூளை, கூலிக்குக் களை பறிக்கும் வயல் என எதற்கும் விலக்கில்லை. 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை ‘வளரிளம் பருவத்தினர்’ என்று தனியாக வகுத்து, சுரங்கம், வெடிபொருள், எளிதில் தீப்பற்றும் பொருள், ஆபத்தான உற்பத்தி முறைகள் ஆகியவற்றிலிருந்து அவர்களையும் விலக்கியது. மீறும் முதலாளிக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் செய்தால் ஓராண்டு முதல் 3 ஆண்டு வரை சிறை. பிடியாணை இல்லாமலே போலீஸ் கைது செய்யலாம். பெற்றோரிடம் சட்டம் கொஞ்சம் இளகி நடந்துகொள்கிறது. வணிக நோக்கத்துக்காகப் பிள்ளையை வேலைக்கு அனுமதித்தால் தவிர அவர்களைத் தண்டிப்பதில்லை. திரும்பவும் அதே குற்றம் என்றால் 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

இவ்வளவு கறாரான சட்டத்தில் இரண்டு விலக்குகள் உண்டு. பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் குழந்தை தன் குடும்பத்துக்கோ குடும்பத் தொழிலுக்கோ உதவலாம் என்பது ஒன்று. சினிமா, தொலைக்காட்சி, விளம்பரம், விளையாட்டு ஆகியவற்றில் குழந்தைக் கலைஞராகப் பங்கேற்கலாம் என்பது மற்றது. சர்க்கஸுக்கு மட்டும் இடமில்லை. என் கவலை முதல் விலக்கைப் பற்றியது. அதற்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது, அது நம் சிவகாசியோடு பின்னிப்பிணைந்தது.

1923-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த பிறகு, மழை பொய்த்த அந்த வட்டாரத்துக்கு வாழ்வு கிடைத்தது உண்மை. அதற்குப் பிள்ளைகள் கொடுத்த விலையும் உண்மை. சிவகாசி, சாத்தூர் பக்கத்துக் கிராமங்களில் விடிவதற்கு முன்பே ஆலைப் பேருந்து வந்து நிற்கும். தூக்கம் கலையாத பிள்ளைகளைத் தூக்குச்சட்டியோடு ஏற்றிவிடுவார்கள். பள்ளம் வெட்டிய மரக்கட்டைகளில் குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்கிச் சட்டத்தை நிரப்ப வேண்டும். நிரப்பிய சட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி. சின்ன விரல்களுக்குத்தான் இந்த வேலை படியும் என்பது அன்றைக்குச் சொல்லப்பட்ட நியாயம். பெரியவர்களின் கூலியைவிடக் குறைவாகக் கொடுத்தால் போதும் என்பதுதான் அதற்குள் இருந்த கணக்கு.

வழக்கறிஞர் எம்.சி. மேத்தா உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோன வழக்கில் 1990-ல் வந்த உத்தரவு, இன்று படிக்கும்போது மனதை உறுத்துகிறது. தீப்பெட்டி, பட்டாசு தயாரிக்கும் வேலையில் குழந்தைகள் கூடாது. ஆனால், தயாரிப்பு நடக்கும் இடத்திலிருந்து தள்ளி, பெட்டியில் அடைக்கும் வேலையைச் செய்யலாம், பெரியவர் கூலியில் 60 சதவீதமாவது கொடுக்க வேண்டும் என்றது அது. 1996 டிசம்பர் 10 அன்று வந்த தீர்ப்பு இன்னும் உறுதியானது. ஆபத்தான தொழிலில் அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும். அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை ஏற்பாடு செய்ய வேண்டும், முடியாவிட்டால் தன் பங்காக 5,000 ரூபாய் போட வேண்டும். பிள்ளை வேலைக்கு வராமல் போனால் அந்த வீட்டு அடுப்பு எப்படி எரியும் என்ற கேள்விக்கு நீதிமன்றம் நேராகப் பதில் சொல்ல முயன்ற தீர்ப்பு அது.

இந்த உத்தரவுகள் எல்லாம் ஆலையைப் பார்த்தே எழுதப்பட்டன. 1986 சட்டமோ, குடும்பத்தாரின் உதவியோடு ஒருவர் நடத்தும் பட்டறைக்குத் தடை பொருந்தாது என்று வாசல் கதவைத் திறந்தே வைத்திருந்தது. அட்டவணையில் பீடி இருந்தது, தீப்பெட்டி இருந்தது. ஆனால், அதே பீடியை வீட்டுத் திண்ணையில் அம்மாவோடு உட்கார்ந்து சுற்றினால் சட்டம் தலையிடாது. பெட்டி ஒட்டவும் பீடி சுற்றவும் வேலையைக் கட்டுக்கட்டாக வீடுகளுக்கு அனுப்பிவிட்டால், முதலாளியின் பதிவேட்டில் ஒரு குழந்தையின் பெயரும் இருக்காது. ஆய்வாளர் ஆலைக்குள் போய்ப் பார்த்துவிட்டுக் குறையில்லை என்று எழுதிவிட்டு வரலாம். சிவகாசி வட்டாரத்திலும் திருநெல்வேலியிலும் வேலூரிலும் வீட்டு வேலையாக நடந்த உழைப்பில் பிள்ளைகளின் பங்கை யார் எண்ணியிருப்பார்கள்?

2016 திருத்தத்தில் குடும்ப விலக்கு மறுபடியும் இடம்பெற்றபோது எழுந்த எதிர்ப்புக்கு இதுதான் காரணம். அதிலும் சட்டம் சொல்லும் ‘குடும்பம்’ பெரியது. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், அவர்களோடு பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா, சித்தி எல்லோரும் அதில் அடக்கம். வெளியாட்களை வைத்து நடத்தும் தொழிலும் குடும்பத் தொழில்தான். ஊர்ப்பக்கம் யாரைத்தான் நாம் மாமா என்று கூப்பிடுவதில்லை? பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போகும் தரகரும் மாமாதான்.

பலருக்குத் தெரியாத விஷயம், 2017 ஜூனில் வந்த விதிகள் இந்தக் கதவைக் கிட்டத்தட்ட மூடிவிட்டன என்பது. மாமா என்றால் அம்மாவோடு கூடப்பிறந்தவர், முறைக்கு மாமா என்பது செல்லாது. தொழில் குடும்பத்தின் பொறுப்பில் நடக்க வேண்டும். பள்ளி நேரத்திலும், இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணி வரையிலும் எந்த வேலையும் கூடாது. ஓய்வு நேரம் போக ஒரு நாளில் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. பெரியவர் செய்ய வேண்டிய வேலைக்குப் பதிலாளாகக் குழந்தையை நிறுத்தக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உற்பத்தி, விநியோகம், சில்லறை விற்பனை என்று எந்தக் கட்டத்திலும் குழந்தைக்கோ குடும்பத்துக்கோ வருமானம் தரும் வேலையாக அது இருக்கக் கூடாது.

இந்தக் கடைசி நிபந்தனையை வைத்துப் பார்த்தால், ஒப்பந்தக்காரர் கொடுத்த அட்டையில் வீட்டிலேயே பெட்டி ஒட்டுவதும், பள்ளி விட்டு வந்தபின் பீடிக்கு நூல் கட்டுவதும் இன்று குற்றம். ‘நம்ம வீட்டில்தானே’ என்ற சமாதானம் எடுபடாது. மாமா கடைக்கு வருவோம். கூடப்பிறந்த மாமா, சொந்தக் கடை, விடுமுறைக் காலம், பகலில் 3 மணி நேரம் என்று எல்லாம் பொருந்தினாலும், கல்லாவில் நின்று வியாபாரம் பார்ப்பதை விதி ஏற்காது. சரக்கை அடுக்கும்போது கூடமாட ஒத்தாசை செய்வதும்கூட வருமானச் சங்கிலிக்குள் வருமா என்று வழக்கறிஞர்கள் மணிக்கணக்கில் வாதாடலாம். சட்டம் கொடுத்ததை விதி திரும்ப வாங்கிக்கொண்டதுபோல் இருக்கும் இந்த எழுத்து முறை எனக்குப் பிடிக்கவில்லை. விலக்கையே நேரடியாக நீக்கியிருந்தால் பெற்றோருக்கும் புரிந்திருக்கும், ஆய்வாளருக்கும் சாக்கு இருந்திருக்காது.

குழந்தைக் கலைஞர்களுக்கான விதிகள் இவ்வளவு குழப்பமில்லாதவை. மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ச்சியாக 27 நாட்களுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத் தொகையாகப் போட வேண்டும். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளில் நள்ளிரவு தாண்டியும் நிற்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

14 வயதைத் தாண்டியவர்கள் நிலைதான் இன்னும் மோசம். கட்டாயக் கல்விச் சட்டம் உரிமையாகத் தருவது எட்டாம் வகுப்பு வரை. அதன்பின் 18 வரை பிள்ளை பள்ளியிலும் கட்டாயமில்லை, வேலையிலும் முழுத் தடையில்லை. கடையிலோ ஓட்டலிலோ சேர்ந்தால் இடைவேளையும் காத்திருக்கும் நேரமும் சேர்த்து ஒரு நாளைக்கு 6 மணி நேரம்தான் வேலை. 3 மணி நேரத்துக்குப் பிறகு ஒரு மணி நேர ஓய்வு, வாரத்தில் ஒரு நாள் விடுப்பு, ஓவர்டைம் கிடையாது, இரவு வேலை கிடையாது. 16 வயதுப் பையனை 6 மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பும் ஓட்டலை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கோவை, திருப்பூர், திண்டுக்கல் நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில், கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி இந்த வயதுப் பெண்களை ஆண்டுக்கணக்கில் விடுதியில் வைத்து வேலை வாங்கியதும் இந்த இடைவெளியில்தான். சம்பளத்தைப் பிடித்து வைப்பதும் கொத்தடிமையாக வைப்பதும் இளஞ்சிறார் நீதிச் சட்டம், 2015-ன் 79-வது பிரிவின்படி 5 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் பெறக்கூடிய குற்றம். அந்தச் சட்டத்துக்குக் குழந்தை என்றால் 18 வயது நிறையாதவர்.

ஆய்வாளர் ஒவ்வொரு வீட்டுக்கும் கடைக்கும் போக முடியாது. வேலைக்குப் போன பிள்ளை முதலில் காணாமல் போவது வகுப்பறையிலிருந்துதான். 2017 விதிகளில் எனக்கு மிக முக்கியமாகத் தெரிவது இதைப் பற்றிய பகுதி: தகவல் இல்லாமல் தொடர்ந்து 30 நாள் வராத குழந்தையைப் பற்றித் தலைமை ஆசிரியர் பொறுப்பு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். 30 நாள் அதிகம் என்பேன். அதற்குள் பிள்ளை வேறு மாநிலத்துக்கே போயிருக்கலாம். ஆனாலும் வருகைப் பதிவேடு ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது, ஒவ்வொரு நாளும் எழுதப்படுகிறது. பதிவேட்டில் ‘வரவில்லை’ என்ற குறி ஒரு வாரம் தொடர்ந்தால் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கே நடந்துபோய் விசாரிக்கும் ஆசிரியர்கள் நம்மிடையே உண்டு. வழக்கு போட்டுக் காப்பாற்றியதைவிட அவர்கள் காப்பாற்றிய பிள்ளைகள் அதிகம் என்று நம்புகிறேன்.

குழந்தை வேலை செய்வதைப் பார்க்கிறவர்கள் 1098 என்ற எண்ணுக்குச் சொல்லலாம். மீட்கப்படும் குழந்தை, குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்தப்படும். முதலாளி கட்டும் அபராதத்தோடு அரசு தன் பங்காக 15,000 ரூபாய் சேர்த்து, குழந்தையின் பெயரில் போட வேண்டும். இடையில் படிப்பை விட்டிருந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்ட பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது கட்டாயக் கல்விச் சட்டம். வயதுச் சான்று இல்லை என்று சொல்லி எந்தப் பள்ளியும் அந்தக் குழந்தையைத் திருப்பி அனுப்ப முடியாது.