பந்தயம் விட்டு வீட்டுக்கு வந்த நாய்

இங்கிலாந்தில் டிரிங் என்னும் சிற்றூரின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், பாடம் செய்யப்பட்ட உடலாக இன்றும் நின்றுகொண்டிருக்கும் ‘மிக் த மில்லர்’ என்ற கிரேஹவுண்ட் நாய், அயர்லாந்தில் பிறந்து, 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அடுத்தடுத்து இங்கிலீஷ் டெர்பி பந்தயத்தை வென்று, ஒரு சினிமாப் படத்தில்கூடத் தோன்றி, தன் காலத்து ஜனங்களிடையே பெருங்கீர்த்தி அடைந்திருந்தது. அந்தக் கௌரவம் அதன் இனத்தில் மிகச் சொற்பமான நாய்களுக்கே வாய்த்தது. 1926 ஜூலை 24-ஆம் தேதி மான்செஸ்டர் நகரின் பெல்வியூ மைதானத்தில், இயந்திர முயலின் பின்னால் நாய்களை ஓடவிடும் பந்தயம் பிரிட்டனில் முதன்முதலாக முறைப்படி நடந்த நாள் தொட்டு, ஓடி ஓய்ந்த நாய்களின் கதி என்ன என்று கேட்டவர்கள் வெகுகாலம் வரை அதிகமில்லை. அக்கேள்விக்கு விடைகாணும் பொருட்டு 1975-இல் ஓர் அறக்கட்டளை அங்கே தோன்றியது. அதன் முயற்சியாலும், அதைப்போன்ற பல சிறு சங்கங்களின் முயற்சியாலும், பந்தயம் விட்ட கிரேஹவுண்டைச் சுவீகாரம் எடுத்து வளர்ப்பது இன்று மேல்நாடுகளில் பரவலான வழக்கமாகிவிட்டது.

பந்தய நாயின் வாழ்க்கை இன்னதென்று அறியாதவருக்கு, வீட்டில் அது நடந்துகொள்ளும் விதம் விளங்காது. பிறந்தது முதல் உடன்பிறந்த குட்டிகளோடும், பின்னர்க் கொட்டடியில் பிற நாய்களோடும் காலங்கழித்து, மணி தவறாமல் உணவும் மணி தவறாமல் உலாவலும் பெற்று, பந்தய நாளில் ஆறு நாய்களுள் ஒன்றாகச் சிவப்போ நீலமோ வெள்ளையோ தன் எண்ணுக்குரிய சட்டை அணிந்து, ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் தூரத்தை அரை நிமிஷத்தில் ஓடித் தீர்த்து வந்த அந்தப் பிராணி, மாடிப்படியை ஏறியதில்லை. கண்ணாடிக் கதவு வழியை மறைக்கும் என்பதை அறிந்ததில்லை. துணி துவைக்கும் இயந்திரத்தின் இரைச்சலைக் கேட்டதில்லை. மூன்று, நான்கு வயதில் பந்தயம் முடிகிறது. ஆயுளோ பன்னிரண்டு வயதை எட்டக்கூடியது. ஆகவே முழு வளர்ச்சி பெற்ற நாய் ஒன்று, வீட்டைப் பொறுத்தவரை நேற்றுப் பிறந்த குட்டியாக நம் வாசலில் வந்து நிற்கிறது. இதை மனத்தில் வாங்கிக்கொண்டவர்களுக்கு மற்றவை எல்லாம் எளிது.

லண்டனின் குராய்டன் பகுதியில் ஈழத்து நண்பர் ஒருவரின் இல்லத்தில் நான் கண்டதை இங்கே சொல்ல வேண்டும். புதிதாக வந்திருந்த கறுப்புப் பெண்நாய், முன்னங்கால் இரண்டையும் இரண்டாம் படியில் ஊன்றிவிட்டுப் பின்னங்கால்களைத் தரையிலிருந்து எடுக்க மாட்டாமல், தொடைச் சதை நடுங்க நின்றது. நண்பரின் தாயார், எழுபது வயதைக் கடந்தவர், அதன் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்து, “பயப்பிடாதை பிள்ளை, அம்மா பிடிக்கிறன்” என்று சொல்லிக்கொண்டே ஒரு பின்னங்காலைக் கையால் தூக்கி மேற்படியில் வைத்து, அது நிலைகொண்டபின் மற்றொன்றையும் வைத்து, ஒவ்வொரு படிக்கும் அவித்த கோழியிறைச்சியில் ஒரு துணுக்குக் கொடுத்தார். ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதே அதற்குக் கடினமாயிருந்தது. இழுக்கவுமில்லை, அதட்டவுமில்லை, சில நாட்களில் அது தானே ஏறி இறங்கலாயிற்று. பயிற்சி என்று பெரிய புத்தகங்கள் கூறுவதன் சாரம் முழுவதும் அந்த அம்மையாரின் கையில் இருந்தது என்பதே என் அபிப்பிராயம்.

தனிமை அதற்கு மற்றொரு புதுமை. கொட்டடியில் இரவும் பகலும் பிற நாய்களின் மூச்சொலி கேட்டு வளர்ந்தது, வீட்டார் அனைவரும் வேலைக்குப் போய்விட்ட முதல் நாளிலே ஊளையிட்டால், கதவைப் பிறாண்டினால், அதைக் குற்றமாகக் கருதித் தண்டிப்பது அநியாயம். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் எனத் தொடங்கி, போனவர்கள் திரும்பி வருவார்கள் என்ற நம்பிக்கை அதன் உள்ளத்தில் ஊன்றும் வரை, பிரிவின் நேரத்தைச் சிறுகச் சிறுகவே நீட்டவேண்டும்.

எல்லாவற்றையும்விட ஜாக்கிரதையாகக் கவனிக்கவேண்டியது அதன் நித்திரை. பகற்பொழுதில் பெரும்பகுதி தூங்கிக் கழிப்பது கிரேஹவுண்டின் இயல்பு; முதுகைத் தரையில் கிடத்தி நான்கு கால்களையும் ஆகாயத்தை நோக்கி விரித்தபடியும் தூங்கும், கண்கள் பாதி திறந்திருக்கவும் தூங்கும். அவ்வாறு கண் திறந்திருப்பதைக் கண்டு, விழித்துத்தான் இருக்கிறது என்று எண்ணிக் குழந்தை ஒன்று ஓடிப்போய் அதைக் கட்டிக்கொண்டால், தனக்கென ஒதுக்கிய கூண்டில் யாரும் தொடாமல் தூங்கிப் பழகிய அந்த நாய், திடுக்கிட்டு உறுமவோ பல் பதிக்கவோ கூடும். கோபத்தால் நிகழ்வதல்ல இது; விழிப்பு வருமுன் தேகம் தானாகச் செய்யும் காரியம். எட்ட நின்று பெயர் சொல்லி அழைத்து, அது தலை தூக்கிப் பார்த்தபின் அருகே செல்லவேண்டும் என்ற ஒரே விதியைக் குழந்தைகளுக்குக் கண்டிப்பாகக் கற்பித்த வீடுகளில் இந்த இனத்து நாயைப்போல் சாதுவான துணை கிடைப்பது அரிது. இந்த விதியை அறியாத வீடுகளிலிருந்து, பாவம், பொல்லாதது என்ற பெயருடன் நாய் திருப்பி அனுப்பப்படுகிறது.

வீட்டினுள்ளே சாதுவாயிருப்பது வெளியிலும் அவ்வாறே இருக்குமென்று நம்பி வாரை அவிழ்த்துவிடுவது பெரும் ஆபத்து. பார்வையினால் இரையைக் கண்டு துரத்தும் வேட்டைநாய் வம்சம் இது. நம் தென்பாண்டிச் சீமையின் கன்னி, சிப்பிப்பாறை நாய்களைக் கண்டவர்கள் அதே ஆழ்ந்த மார்பையும் ஒடுங்கிய வயிற்றையும் இதனிடம் உடனே இனங்கண்டுகொள்வார்கள். மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில், ஒவ்வொரு பாய்ச்சலிலும் இருமுறை நான்கு கால்களும் தரையை விட்டெழ ஓடும் அது, தூரத்தில் ஒரு முயலையோ பூனையையோ கண்டுவிட்டால், எஜமானரின் குரல் அதன் செவியில் ஏறாது. நடுவில் சாலை இருப்பதும் அதன் கண்ணில் படாது. சுற்றிலும் உயர்ந்த வேலியுள்ள இடத்திலன்றி அதை அவிழ்த்துவிடலாகாது. தலையைவிடக் கழுத்து பருத்ததாகையால் சாதாரணக் கழுத்துப்பட்டையிலிருந்து பின்வாங்கி நழுவிவிடும். இழுத்தால் ஓரளவு இறுகும்படி தைத்த அகலமான பட்டையே வேண்டும். வாய்க்கூடு அணிந்த கிரேஹவுண்டைக் கண்டு அஞ்சுவோர் பலர். பந்தய நாளெல்லாம் அதை அணிந்து பழகிய நாய்க்கு அது பெரிய சிரமமல்ல, பூனைக்கும் சிறு நாய்க்கும் அது ஒரு பாதுகாப்பு.

கிரேஹவுண்டுக்கு மிகுந்த உலாவல் தேவை என்பது பரவலான தவறான எண்ணம். காலையும் மாலையும் இருபது முப்பது நிமிஷ நடை போதும். எஞ்சிய நேரம் தடித்த மெத்தை போதும். மெல்லிய தோலும், அடிமயிரற்ற குட்டை ரோமமும், கொழுப்பில்லாத தேகமும் உடையதாதலால் குளிரில் மேலங்கி அவசியம். வெயிலிலும் அவ்வளவே எச்சரிக்கை அவசியம். முள்வேலியில் லேசாக உராய்ந்தாலும் தோல் கிழிந்துவிடும். கடைசி விலா எலும்புகள் இலேசாகத் தெரிவதுதான் ஆரோக்கியத்தின் அடையாளமாயிருக்க, பட்டினி கிடந்ததென்று இரங்கி அளவுக்கு மீறி ஊட்டுவோர் அதற்கு நன்மை செய்வதில்லை. பற்கள் பெரும்பாலும் சீர்கெட்ட நிலையில் வந்து சேரும், தினமும் துலக்கவேண்டும். கெட்டித் தரையில் நொண்டிப் புல்தரையை நாடி நடந்தால், பாதத்தின் அடிச்சதையைத் திருப்பிப் பாருங்கள். இந்த இனத்தை விசேஷமாகப் பீடிக்கும் ஆணி அங்கே இருக்கக்கூடும்.

நோய் வந்தபோது கால்நடை மருத்துவரிடம் வாய்திறந்து சொல்லவேண்டிய செய்தியும் ஒன்றுண்டு. கிரேஹவுண்டின் ரத்தம் ஏனைய நாய்களின் ரத்தத்தைப் போன்றதன்று. சிவப்பணுக்களின் விகிதம் மிகுதி. உறைவுக்குதவும் தட்டணுக்கள் குறைவு. தைராய்டு சுரப்பின் அளவோ பிற நாய்களில் நோயென்று கருதத்தக்க அளவுக்குத் தாழ்ந்திருக்கும். ஓஹையோ அரசுப் பல்கலைக்கழகத்தில் இவ்விஷயத்தை நெடுங்காலம் ஆராய்ந்த டாக்டர் கில்லெர்மோ கோட்டோ போன்றவர்களின் உழைப்பால் இவை இன்று தெளிவாகத் தெரிந்திருந்தும், பொதுவான அட்டவணையை வைத்துக்கொண்டு, இல்லாத தைராய்டு வியாதிக்கு மருந்து கொடுப்பது முற்றிலும் நின்றபாடில்லை. தயோபெண்டால் என்ற மயக்க மருந்தை இதன் ஈரல் மிக மெதுவாகவே கரைப்பதால் மயக்கம் தெளிய நெடுநேரம் பிடிக்கும். அதனால் அம்மருந்தை இந்த இனத்துக்குத் தவிர்க்கிறார்கள். வயது முதிர்ந்த கிரேஹவுண்ட் காரணமின்றி நொண்டத் தொடங்கினால் சுளுக்கு என்று காத்திராமல் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். எலும்புப் புற்று இந்த இனத்தில் அடிக்கடி காணப்படுவது.

இவ்வளவு எச்சரிக்கைகளையும் படித்தவர்கள் மலைத்துவிடக் கூடாது என்பதற்காக ஒன்று சொல்கிறேன்: புதிய வீட்டில் நம்பிக்கை பிறந்துவிட்ட கிரேஹவுண்ட், நிற்பவரின் தொடையில் தன் பாரம் முழுவதையும் சாய்த்து, ஆனந்த மிகுதியால் பற்கள் கடகடவென்று அடிக்க நிற்கும். அந்தப் பாரத்தை ஒருமுறை தாங்கியவர்கள் மற்றொரு நாயையும் வேண்டிப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

புளோரிடா மக்கள் 2018-இல் வாக்களித்து, 2020-ஆம் ஆண்டின் முடிவோடு அங்கே கிரேஹவுண்ட் பந்தயத்தை நிறுத்தினார்கள். நியூசிலாந்து அரசு 2024 டிசம்பரிலும், வேல்ஸ் அரசு 2025 பிப்ரவரியிலும் தத்தம் நாட்டில் அதை முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக அறிவித்தன. மைதானங்கள் மூடப்படும்போது நாய்களுக்கு வீடுகள் வேண்டும். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் வாழும் நம்மவர்கள், வீட்டுக்கு ஒரு நாய் வேண்டுமென்று நினைக்கும்போது, குட்டி விற்பவரிடம் போவதற்குமுன் அருகிலுள்ள கிரேஹவுண்ட் காப்பகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். பூனையோடும் குழந்தைகளோடும் இந்த நாய் பழகிப் பார்த்திருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டறிந்தபின், குடும்பத்தார் அனைவரையும் கூட்டிக்கொண்டு மறுபடியும் போங்கள்.