குழுக் கணக்கு: போன் குறிப்பிலா, பொதுப் பதிவிலா?



"நோட்டு எதுக்குங்க? எல்லாத்தையும் போன்லயே எழுதி வெச்சுக்கலாமே" என்று காவாந்தண்டலம் பக்கத்துக் குழுக் கூட்டங்களில் இப்போது அடிக்கடி கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

போனில் குறிப்பு எழுதும் வசதி ஒருவருக்கானது. பால் கணக்கு, கைமாத்து, தவணைத் தேதி இதற்கெல்லாம் அதைவிட லேசான வழி இல்லை. கூகுள் கீப் போன்ற செயலியில் எழுதினால், போன் தொலைந்தாலும் கடவுச்சொல் ஞாபகமிருந்தால் வேறு போனில் திரும்ப எடுக்கலாம். ஆனால் 500-ஐ 5,000 என்று மாற்றினால் மற்றவர்களுக்குத் தெரியாதே!

குழுப் பணம் பன்னிரண்டு, இருபது பேர் வயிற்றைக் கட்டிச் சேர்த்தது. கணக்கு எழுதுகிற பெண் கல்யாணமாகி வாலாஜாபாத் போனால் கணக்கும் கூடவே போய்விடக் கூடாது. வங்கி கடன் கொடுக்குமுன் பார்க்கிற பஞ்ச சூத்திரத்தில் கணக்குப் புத்தகமும் ஒன்று.

நம்ம உத்திரமேரூர்க் கல்வெட்டையே பாருங்கள். பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் வெட்டியது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியில்லை என்கிறது. அந்த விதியை ஊரறியச் சுவரில் வெட்டினார்கள். (அந்தச் சபையில் பெண்களுக்கு இடமில்லை என்பது வேறு கதை.)

அப்படிப் பொதுவில் வைக்கத்தான் கம்ப்யூட்டர் பதிவு வந்தது. நபார்டு வங்கி 2015 மார்ச்சில் ஜார்க்கண்டின் ராம்கர், மகாராஷ்டிராவின் துலே மாவட்டங்களில் இ-சக்தி திட்டத்தைத் தொடங்கியது. பிறகு மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் லோக்ஓஎஸ் செயலியைக் கொண்டுவந்தது. இவற்றில் ஒவ்வொருவர் சேமிப்பும் கடனும் அவரவர் பெயரில் ஏறும். குழுவில் ஏற்றுவதைக் கூட்டமைப்பும் மேலே உள்ளவர்களும் பார்க்கலாம்.

இதற்குப் பயிற்சி வேண்டும், சிக்னல் வேண்டும், பொறுமையும் வேண்டும். கூட்டம் முடிந்து நாலு நாள் கழித்து ஞாபகத்தில் ஏற்றினால் கம்ப்யூட்டரும் பொய்தான் சொல்லும். அதனால் எங்கள் யோசனை: முதலில் கூட்டத்திலேயே நோட்டில் எழுதி, சத்தமாகப் படித்து, கையெழுத்து வாங்குங்கள். பிறகு அதைப் பார்த்துச் செயலியில் ஏற்றுங்கள். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து ரெண்டு மூணு பேர் போனில் வைத்துக்கொள்வதும் நல்லது. தனியாக மென்பொருள் வாங்கித் தருகிறோம் என்று யாராவது வந்தால் குழுப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்த கூட்டத்துக்கு உங்கள் பாஸ்புத்தகத்தைக் கொண்டுவாருங்கள். செயலியில் உங்கள் பெயருக்கு நேரே இருக்கும் சேமிப்பையும் கடன் பாக்கியையும் படிக்கச் சொல்லுங்கள். ரெண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், கூட்டம் கலையுமுன் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.