விடுபட்ட பெயரைத் தேடுபவரே மேய்ப்பர்: திம்புள்ளயில் இருந்து சில வேதாகமப் பாடங்கள்

தலவாக்கலையில் இருந்து ஹட்டன் செல்லும் வீதியில் டெவன் நீர்வீழ்ச்சியைப் பார்க்கப் பயணிகள் வாகனங்களை நிறுத்துவார்கள். அதைச் சுற்றியிருப்பவை திம்புள்ளப் பிரதேசத்தின் தேயிலை மலைகள். 1977 மே 11ஆம் திகதி, தோட்டக் காணிகளைப் பிரித்துக் கொடுக்கும் முயற்சிக்கு எதிராகத் தொழிலாளர்கள் போராடியபோது, இந்த டெவனில்தான் சிவனு லெட்சுமணன் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். 1977, 1981, 1983 வன்செயல்களில் அடிபட்ட மலையகக் குடும்பங்கள் பல, வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் சென்று குடியேறின. 2009இல் முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர்களில் அவர்களும் இருந்தார்கள். ஆகவே மலையகத்தின் கதை வன்னியின் கதையும்தான்.

இந்த மலைகளில் கோயில்களைப் போலவே சிறு தேவாலயங்களும் ஜெப வீடுகளும் நிறைய உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு குருவானவரோ, போதகரோ, உபதேசியாரோ, சபைக் குழுவோ இருக்கிறது. நல்ல கிறிஸ்தவத் தலைவர் யார் என்ற கேள்வி இங்கே வெறும் மறைக்கல்விக் கேள்வி அல்ல. துயரப்பட்ட சமூகத்தில் மக்கள் முதலில் போய் நிற்கும் வாசல்களில் ஒன்று தேவாலய வாசல். அந்த வாசலில் நிற்பவர் எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்துச் சிலரது வாழ்க்கையே மாறிவிடுகிறது.

பெரட்டுக்களமும் ஆட்டுத்தொழுவமும்

தோட்டத்தில் தலைமை என்றால் என்ன என்பதைப் பிள்ளைகள் பெரட்டுக்களத்திலேயே கற்றுக்கொண்டார்கள். விடியற்காலையில் ஆட்களை எண்ணி வேலைக்குப் பிரித்து அனுப்புகிற இடம் அது. மேலே துரை, அடுத்து கணக்கப்பிள்ளை, அதற்குக் கீழே கங்காணி. செக்ரோலில் பெயர் இருந்தால் சம்பளம், இல்லாவிட்டால் இல்லை.

தேவாலயமும் இந்த ஒழுங்குக்குள்தான் வந்து சேர்ந்தது. கோப்பித் தோட்டக் காலத்தில், 1854இல், அங்கிலிக்கன் மிஷனரிகள் தமிழ்த் தொழிலாளர்களுக்கென ஒரு தனி மிஷனைத் தொடங்கினார்கள். அதற்குத் தோட்டத் துரைமார் பணம் கொடுத்தார்கள். உபதேசிமார் திருநெல்வேலியில் இருந்து வந்தார்கள். நல்ல மனிதர்கள் பலர் அதில் உழைத்தார்கள். ஆனாலும் துரையின் பணத்தில் நடக்கும் ஊழியம் துரையைக் கேள்வி கேட்பது கடினம். தலைவர் என்றாலே மேலே நிற்பவர் என்ற எண்ணம் சபைக்குள்ளும் நிலைத்துவிட்டது.

லூக்கா 15ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் மேய்ப்பரும் எண்ணுகிறார். எண்ணாமல் நூறில் ஒன்று குறைவதை எப்படி அறிவது? கங்காணி எண்ணுவது வேலைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று அறிய. மேய்ப்பர் எண்ணுவது யார் வரவில்லை என்று அறிய. வேதாகமம் தலைமை பற்றிச் சொல்லும் பாடங்கள் பலவற்றுக்கு இந்த வித்தியாசமே அடிப்படை.

பட்டியலில் இல்லாதவர்கள்

அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரம் ஒரு நிவாரணப் பிரச்சினையைச் சொல்கிறது. எருசலேம் சபையில் தினமும் உணவு பகிரப்பட்டது. கிரேக்க மொழி பேசிய விதவைகள் அதில் விடுபட்டார்கள். முறைப்பாடு வந்தபோது அப்போஸ்தலர்கள் கோபப்படவில்லை, முறையிட்டவர்களைக் குழப்பக்காரர் என்றும் சொல்லவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கும்படி சபையிடமே கேட்டார்கள். தெரிவான ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். பாதிக்கப்பட்ட பக்கத்தாரின் கையிலேயே பகிர்வின் பொறுப்பு போய்ச் சேர்ந்தது.

முகாம்களில் நிவாரண வரிசையில் நின்றவர்களுக்கு இந்தப் பகுதியை விளக்கத் தேவையில்லை. வீட்டுத்திட்டப் பட்டியலில் பெயர் விடுபட்ட விதவைக்கும் தேவையில்லை.

எண்ணாகமம் 27இல் இன்னொரு பட்டியல் வருகிறது. காணி பிரிக்கும் நேரம், ஆண் பிள்ளை இல்லாமல் இறந்த ஒருவரின் ஐந்து மகள்மார் மோசேயின் முன் வந்து, எங்கள் அப்பாவின் பெயர் ஏன் அழிய வேண்டும் என்று கேட்கிறார்கள். மோசே அவர்களைத் துரத்தவில்லை. அவர்கள் கேட்பது நியாயம் என்ற பதில் கடவுளிடம் இருந்து வருகிறது, சட்டமே மாறுகிறது. கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்களாகவும், அவர்களை மேற்பார்ப்பவர்களும் சபைக் குழுவில் பேசுபவர்களும் பெரும்பாலும் ஆண்களாகவும் இருக்கும் இடத்தில், இந்த ஐந்து பெண்களைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறோம்?

விடுபட்டவர்களைத் தேடிப் போன ஒருவரை மலையகம் அறியும். இயேசு சபைக் குருவான அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் ஒக்ஸ்போர்ட்டில் படித்தவர், தமிழர் அல்லர். 1972இல் கண்டியில் சத்யோதய நிலையத்தைத் தொடங்கினார். வெவ்வேறு இனத்தவர்கள் அங்கே ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து வேலை செய்தார்கள். 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, எழுபதுகளின் நடுப்பகுதியில் பட்டினியையும் கண்ட தோட்ட மக்களின் பிரச்சினையை அவர் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். இனங்களுக்கிடையிலான நீதிக்காக 1979இல் உருவான மேர்ஜ் இயக்கத்திலும் முன்னின்றார். 2017இல் காலமானார்.

கீழே இறங்குதல்

மாற்கு 10இல் யாக்கோபும் யோவானும் இயேசுவின் வலப்பக்கமும் இடப்பக்கமும் ஆசனம் கேட்கிறார்கள். புறவினத்தாரின் ஆட்சியாளர்கள் மக்களை அடக்கி ஆளுகிறார்கள், உங்களுக்குள் அப்படி இருக்கக்கூடாது என்பதே அவருடைய பதிலின் சாரம். பெரியவராக விரும்புபவர் பணியாளராக வேண்டும்.

இதைச் சொல்வது எளிது. ஆயர் லியோ நாணயக்கார செய்து காட்டினார். 1959 முதல் கண்டியின் ஆயராக இருந்தவர் அவர். 1972இல் கண்டி மறைமாவட்டத்தில் இருந்து பதுளை மறைமாவட்டம் பிரிக்கப்பட்டபோது, வசதியும் பெருமையும் உள்ள கண்டியை விட்டுவிட்டு, ஏழைக் கிராமங்களும் தோட்டங்களும் நிறைந்த பதுளைக்குத் தாமே விரும்பிப் போனார். 1982இல் இறக்கும் வரை அங்கேயே பணி செய்தார். பதவியில் ஒரு படி மேலே போவதையே கடவுளின் ஆசீர்வாதமாகப் பார்க்கும் நமக்கு, இந்த இடமாற்றம் இன்றும் சங்கடமான பாடம்.

கணக்குக் கொடுத்தல்

1 சாமுவேல் 12இல் வயதான சாமுவேல் தீர்க்கதரிசி மக்களைக் கூட்டி, யாருடைய மாட்டையாவது, கழுதையையாவது எடுத்தேனா, யாரிடமாவது கையூட்டு வாங்கினேனா, இருந்தால் இப்போதே சொல்லுங்கள், திருப்பித் தருகிறேன் என்று கேட்கிறார். அதே சாமுவேலின் பிள்ளைகள் கையூட்டு வாங்கியதையும் வேதாகமம் மறைக்கவில்லை. நல்ல தகப்பனின் பிள்ளை நல்ல தலைவராவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சபையைக் குடும்பச் சொத்தாக எழுதிக் கொடுக்க நினைப்பவர்கள் அந்த நூலின் 8ஆம் அதிகாரத்தை வாசிக்க வேண்டும்.

போருக்குப் பின்னர் வெளிநாட்டில் இருந்து தேவாலயங்களுக்கும் அமைப்புகளுக்கும் உதவிப் பணம் வந்தது. கணக்கைக் கேட்பது விசுவாசக் குறைவு என்று ஒருவர் சொன்னால், அவர் சாமுவேலை விடப் பெரியவரா என்று கேட்கலாம். வரவு செலவைச் சபைக்கு முன் வாசிப்பதும் ஊழியம்தான்.

‘நாங்கள்’ என்று சொல்லுதல்

நெகேமியா முதலாம் அதிகாரத்தில், எருசலேமின் மதில் இடிந்த செய்தி கேட்டு நெகேமியா அழுகிறார். அவர் தூரத்தில், அரச சேவையில், பாதுகாப்பாக இருப்பவர். ஆனாலும் ஜெபிக்கும்போது, பாவம் செய்தவர்கள் நாங்கள், நானும் என் குடும்பமும் கூட, என்கிறார்.

1983 யூலை வன்செயலுக்குப் பின்னர் அப்படிப் பேசியவர் குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்ரமசிங்க. அவர் ஒரு சிங்களவர், யாரையும் தாக்கியவர் அல்லர். இருந்தும் அந்த ஆண்டு செப்டெம்பரில் ஆற்றிய தனது மேய்ப்புப் பணி உரையில், சிங்களவர்கள் இதற்காக வெட்கப்பட வேண்டும், தமிழரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். மறுமாதம் 23ஆம் திகதி, 56ஆவது வயதில் இறந்தார்.

இந்தப் பாடத்தை அடுத்தவருக்கு மட்டும் அனுப்பிவிட முடியாது. மலையகத்தில் இருந்து வன்னிக்கு வந்தவர்களைத் ‘தோட்டக்காட்டான்’ என்று அழைத்தவர்கள் யார்? சாதி பார்த்து ஆலயத்தில் இருக்கையும் கல்லறையில் இடமும் பிரித்தவர்கள் யார்? அங்கேயும் யாராவது ஒரு தலைவர் ‘நாங்கள்’ என்று தொடங்க வேண்டும்.

ஓடாதவர்கள்

யோவான் 10 கூலிக்கு மேய்ப்பவரையும் நல்ல மேய்ப்பரையும் பிரித்துக் காட்டுகிறது. ஓநாய் வரும்போதுதான் வித்தியாசம் தெரியும். நமக்கு அது தெரிந்தது. 1984 டிசெம்பரில் மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கமும், 1985 ஜனவரியில் வங்காலையில் அருட்தந்தை மேரி பஸ்தியனும் கொல்லப்பட்டார்கள். 2006 ஆகஸ்டில் அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிரவுண் காணாமல் ஆக்கப்பட்டார். 2009 மே 18இல் சரணடைந்தவர்களோடு கூடப் போன அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் திரும்பவில்லை.

மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011இல் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் 146,679 பேர் எங்கே என்று கேட்டார். வன்னியில் இருந்தவர்களாக அரச அதிகாரிகள் பதிவு செய்த தொகைக்கும், அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்களாகச் சொல்லப்பட்ட தொகைக்கும் உள்ள வித்தியாசம் அது. அவர் 2021இல் காலமானார். கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. மேய்ப்பருடைய எண்ணிக்கை என்பது இதுதான்.

எல்லோராலும் ஆயராக முடியாது. ஆனால் திம்புள்ளயின் ஒரு லயத்தில் இருபது குடும்பம் கூடும் ஜெப வீட்டிலும், கிளிநொச்சியின் சிறு ஆலயத்திலும் யாரோ ஒருவர் தலைவராக இருக்கிறார். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. வந்தவர்களை எண்ணி முடித்த பிறகு, வராதவரின் பெயரைக் கேட்டு, அந்த வீட்டுக்கு நடந்து போவது.