மருத்துவக் கல்லூரி எங்கே அமைய வேண்டும்?



தோட்டங்களில் வாழ்ந்த நம் பெற்றோருக்கு, காய்ச்சல் என்றால் முதலில் நினைவுக்கு வந்தவர் டாக்டர் அல்லர். தோட்ட மருந்தகத்தில் இருந்த டிரஸர்தான். டாக்டர் எப்போதாவது வந்து போவார். பட்டணத்திலிருந்து தொலைவில் இருந்த கம்பங்களிலும் இதே குறைதான். அப்படியானால் புதிதாக ஒரு மருத்துவக் கல்லூரியைத் திறந்துவிட்டால் போதாதா? இதைச் சற்று ஆராய்வோம்.

ரப்பர் கன்றை நட்டவுடன் பால் கிடைப்பதில்லை. ஆறேழு ஆண்டுகள் காத்திருக்கிறோம். டாக்டரும் அப்படித்தான். ஐந்தாண்டுப் படிப்பு, அதன்பின் மருத்துவமனையில் பயிற்சி. 2008 முதல் இப்பயிற்சி இரண்டு ஆண்டுகள். ஆகவே, இன்று கல்லூரியில் சேரும் மாணவர் தனித்து வைத்தியம் பார்க்க ஏழு ஆண்டுகளாவது ஆகும்.

நம் வட்டாரத்தின் முதல் மருத்துவப் பள்ளி 1905-இல் சிங்கப்பூரில் தொடங்கியது. 1960-களில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலம் உருவானது. அதன் முதல் தலைவர் பேராசிரியர் தனராஜ். இரண்டும் பெரு நகரங்களில் எழுந்தவை.

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் வேறு வழியில் சென்றது. 1979-இல் பினாங்கில் அது நிறுவிய மருத்துவப் பள்ளி, 1983 முதல் கிளந்தானில் உள்ள குபாங் கிரியானுக்கு இடம்பெயரத் தொடங்கியது. இதனால் விளைந்த நன்மை என்ன? மருத்துவம் கற்பிக்கப் பெரிய மருத்துவமனை வேண்டும்; சிறப்பு டாக்டர்கள் ஆசிரியர்களாக வேண்டும். ஆகவே கல்லூரி போகும் இடத்துக்கு அவர்களும் போகிறார்கள். மாணவர்கள் பட்டம் பெறுவதற்கு முன்பே அவ்வட்டார மக்களுக்குச் சிகிச்சை கிடைத்துவிடுகிறது. மாணவர்களும் கிராமக் குடும்பங்களை நேரில் கண்டு, அவர்களின் தண்ணீர், உணவு, வருமானம் ஆகியவை நோயோடு எவ்வாறு பின்னியுள்ளன என்று படிக்கிறார்கள்.

இன்று நம் நாட்டில் முப்பதுக்கும் மேற்பட்ட மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. ஆயினும் சபா, சரவாக் மாநிலங்களின் உட்பகுதிகளில் டாக்டர்கள் போதவில்லை. எண்ணிக்கை மட்டும் குறையைத் தீர்க்காது என்பதற்கு இதுவே சான்று. உலகச் சுகாதார நிறுவனம் 2010-இல் கூறிய யோசனைகளில் மூன்று இவை: தலைநகருக்கு வெளியே கல்லூரிகளை அமையுங்கள், மாணவர்களைக் கிராமங்களில் பயிற்றுவியுங்கள், கிராமப்புறப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கிராமத்தில் வளர்ந்தவரே பிற்காலத்தில் கிராமத்தில் பணியாற்ற முன்வருவது அதிகம் என்பதே காரணம்.

பெற்றோர்களே, இந்த மூன்றாவது யோசனை நம் வீட்டைத் தேடி வருவது. லயத்தில் வளர்ந்த பிள்ளைக்கு லயத்து நோயாளியின் மொழியும் தெரியும், வாழ்க்கையும் தெரியும். கல்லூரியை அரசாங்கம் கட்டலாம்; அதில் சேரத் தகுதியுள்ள பிள்ளையை நாம்தான் உருவாக்க வேண்டும். இடைநிலைப் பள்ளியிலேயே உயிரியல், இரசாயனம், இயற்பியல், கணிதம் ஆகிய பாடங்களைப் பிள்ளைகள் கைவிடாமல் பார்த்துக்கொள்வோம். ஏழாண்டுப் பயணத்தின் முதல் அடி அங்கேதான் இருக்கிறது.