திருத்தணி வட்டாரப் பேச்சுத்தமிழ்

திருத்தணி வட்டாரப் பேச்சுத்தமிழ் என்பது திருவள்ளூர் மாவட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டியுள்ள திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகளில் பேசப்படும் வழக்காகும். இங்கு வீட்டில் தெலுங்கும் கடைத்தெருவில் தமிழும் பேசுவோர் பலர்.

வரலாறு

1953 இல் ஆந்திர மாநிலம் உருவானபோது, சித்தூர் மாவட்டத்துடன் திருத்தணியும் அதில் சேர்ந்தது. அதை மீட்க ம. பொ. சிவஞானம் முதலியோர் போராடினர். கிராமத்தை அலகாகக் கொண்டு, பெரும்பான்மையோர் மொழியைக் கருதி எல்லை வகுத்த படாஸ்கர் பரிந்துரையின்படி, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. எல்லைக்கோடு மாறியும் இருமொழிப் பேச்சு தொடர்கிறது.

பேச்சின் இயல்பு

"வந்துகொண்டு" என்பது மதுரையில் "வந்துகிட்டு" எனவும், இங்கு "வந்துகினு" எனவும் ஒலிக்கும். "கினு" என்பதைத் தெலுங்குக் கலப்பு எனக் கருதுவோர் உண்டு. ஆனால் கிட்டு, கினு இரண்டும் "கொண்டு" என்பதன் திரிபுகளே. "குந்து" (உட்கார்), "அப்பால" (பிறகு) ஆகியனவும் தமிழ்ச் சொற்களே. "நைனா" (தந்தை) தெலுங்கிலிருந்தும், "நாஷ்டா" (சிற்றுண்டி) உருதுவிலிருந்தும் வந்தவை. ழகரம் யகரமாகி, வாழைப்பழம் "வாயப்பயம்" ஆவதும் உண்டு; தென் மாவட்டங்களில் அது "வாளப்பளம்" ஆகும்.

வகுப்பறையில்

"கினு" எனப் பேசும் மாணவரைத் தமிழ் தெரியாதவர் என எள்ளுவதற்கு மொழியியல் அடிப்படை இல்லை. தேர்வுத்தாளில் "கொண்டு" என எழுதப் பழக்கினால் போதும். வீட்டுப் பேச்சை விடச் சொல்லத் தேவையில்லை.