விளையாட்டுச் செங்கலில் மிக்கி எலி!

மானாம்பதி, உத்திரமேரூர் பக்கத்தில் கொலுப் பொம்மை என்றதும் நினைவுக்கு வருவது காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெரு. காகிதக் கூழை அச்சில் அப்பி, காயவைத்து, வர்ணம் தீட்டுகிறார்கள் அங்கே. அச்சும் வேண்டாம், வர்ணமும் வேண்டாம், அலுத்துவிட்டால் பிரித்து வேறு பொம்மையாக்கிக் கொள்ளலாம் என்றால் வேண்டாமென்பீர்களா? 'லெகோ' என்னும் பிளாஸ்டிக் கட்டைகளைக் கொண்டு கேலிச் சித்திரப் பொம்மைகள் செய்வது இன்று பெரியவர்களுக்கும் பிடித்த பொழுதுபோக்காகிவிட்டது.

தச்சர் தந்த பாடம்

டென்மார்க் தேசத்தில் பில்லுண்ட் அப்போது ஒரு சிறு கிராமம். அங்கே தச்சு வேலை செய்தவர் ஓலே கிர்க் கிறிஸ்டியன்ஸன். 1932-ல் ஊரெங்கும் பணமுடை. வீடு கட்டுவோர் இல்லை. அதே வருஷம் மனைவியும் காலமானாள். கையில் நான்கு பிள்ளைகள்! மனிதர் மரப் பொம்மை செய்ய உட்கார்ந்தார். 1942-ல் பட்டறை தீக்கிரையாயிற்று. மறுபடி கட்டினார்.

மகன் காட்ஃபிரட் ஒருநாள், மர வாத்துகளுக்கு மூன்று முறை பூச வேண்டிய வார்னிஷை இரண்டே முறை பூசிக் காசு மிச்சம் பிடித்ததாகப் பெருமையோடு சொன்னான். அப்பா பாராட்டினாரா? ரயிலடிக்குப் போய்ப் பெட்டிகளைத் திரும்பக் கொண்டுவந்து, இரவோடிரவாக மூன்றாம் பூச்சையும் நீயே பூசு என்று அனுப்பிவிட்டார்!

அந்தக் காட்ஃபிரட்தான் 1958-ல், கட்டைகள் இறுகப் பிடித்துக்கொள்ள அடியில் குழாய் வைக்கும் முறைக்கு உரிமை பெற்றவர். எட்டுக் குமிழ்க் கட்டைகள் ஆறு இருந்தால் 91 கோடிக்கும் மேற்பட்ட விதங்களில் இணைக்கலாமாம்!

செய்வது எப்படி?

முதலில் கட்டம் போட்ட காகிதத்தில் படத்தை வரையுங்கள். இங்கே ஒரு சூட்சுமம். ஒரு குமிழ் உள்ள கட்டையின் அகலம் 8 மில்லிமீட்டர், உயரமோ 9.6. ஆகவே ஆறு கட்ட உயரத்துக்கு ஐந்து வரிசையே போதும். இதை மறந்தால் குண்டு மிக்கி ஒல்லி மிக்கியாகிவிடும்!

கொத்தனார் சுவர் எழுப்புவதுபோல், கீழ் வரிசையின் இணைப்பு மேல் கட்டையின் நடுவே வரட்டும். உள்ளே கூடாக விட்டால் கட்டை மிச்சம். ஆனால் குறுக்கே சில கட்டைகள் அவசியம். இல்லாவிட்டால் தலை பாரம் தாங்காது. கன்னம் போன்ற வளைவுகளுக்கு, கட்டையில் மூன்றிலொரு பங்கு உயரமுள்ள தட்டைகளைப் படிப்படியாக வையுங்கள். சாயல் வருமோ என்ற கவலை வேண்டாம். இரண்டு வட்டக் காதுகள் இருந்தால் மிக்கிதான்!

நியூயார்க்கில் வக்கீலாக இருந்த நாதன் ஸவாயா, 2004-ல் தொழிலையே விட்டுவிட்டு இந்தக் கட்டைச் சிற்பங்களில் இறங்கிவிட்டார். பல நாடுகளில் கண்காட்சி நடத்தி வருகிறார்.

தாய்மார்களுக்கு

விலை கொஞ்சம் அதிகந்தான். 2020-ல் வந்த மிக்கி-மின்னி ஸெட்டில் 1,739 துண்டுகள்! முதலிலேயே அதில் இறங்காதீர்கள். பல நிறச் சாதாரணக் கட்டைகள் உள்ள பெட்டி ஒன்றே பல பொம்மைகளுக்கு உதவும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் சிறு துண்டுகளை எட்டாத இடத்தில் வையுங்கள், வாயில் போட்டுக்கொள்ளும். அவர்களுக்கென்றே பெரிய 'டூப்லோ' கட்டைகள் உண்டு.

கொலு முடிந்து பொம்மையைப் பிரிக்கும்போது குழந்தை அழுமே என்கிறீர்களா? ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, "அடுத்து என்ன செய்யலாம்?" என்று கேட்டுப் பாருங்கள்!